500 ஆண்டுகளுக்குப் பிந்தைய சூரிய கிரகணத்தை வீட்டுக் கணினியில் கணிப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2019 டிசம்பர் 26 அன்று காலை ஒன்பதரை மணியை ஒட்டி, திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு களத்துமேட்டில் நின்று வளைய சூரிய கிரகணத்தைப் பார்த்தோம். வளையம் கலைந்ததும் என் அண்ணன் மகள், "சித்தப்பா, இன்னும் 500 வருஷம் கழிச்சு நம்ம ஊருக்கு இதே மாதிரி எப்ப வரும்?" என்று கேட்டாள். ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்துத் தொடங்கிய அந்த வேலை எனக்கு ஏழு மாதங்களை எடுத்துக்கொண்டது. கணக்கு கடினமாக இருந்ததால் அல்ல. எந்தக் கோப்பு எந்த ஆண்டு வரை செல்லும், எந்த நேரத்தை எங்கே பயன்படுத்த வேண்டும், எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை யாரும் ஒரே இடத்தில் சொல்லியிருக்கவில்லை. கீழே உள்ள வரிசையில் சென்றால் ஆறு வார இறுதிகளில் நீங்கள் முடித்துவிடலாம்.

1. முதலில் கேள்வியைப் பிரித்து எழுதுங்கள்

"எப்போது வரும்?" என்பது மூன்று கேள்விகள். எந்த நாளில் கிரகணம் நிகழும், அது முழு கிரகணமா வளைய கிரகணமா, நிழல் எந்த ஊரின் மேல் விழும் என்று தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டுக்கும் நிலவும் சூரியனும் எங்கே இருக்கும் என்று தெரிந்தால் போதும். அதை ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பாலும் மிகத் துல்லியமாகச் சொல்ல முடியும். மூன்றாவது கேள்விக்கு, அந்த நொடியில் பூமி எந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும் என்பதும் தெரிய வேண்டும். பூமியின் சுழற்சி சீரானது அல்ல. தொலைதூரக் கணிப்பில் நாள் உறுதியாகவும் ஊர் உறுதியில்லாமலும் இருப்பதற்குக் காரணம் இதுதான். இதை முதல் நாளிலேயே புரிந்துகொண்டிருந்தால் எனக்குப் பாதி மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

2. தேவையான கோப்புகளும் ஆவணங்களும்

பஞ்சாங்கம் கணிப்பவருக்கு வாக்கியமோ திருக்கணிதமோ அடிப்படையாக இருப்பது போல, நமக்கு அடிப்படை நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் வெளியிடும் கோள் இருப்புக் கோப்புகள், அதாவது சூரியனும் நிலவும் கோள்களும் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று சொல்பவை. அவை அனைத்தும் இலவசம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. புதியவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்.

பெரும்பாலான பயிற்சிப் பாடங்கள் டிஇ421 என்ற கோப்பைக் கொடுக்கும். அது 17 எம்பி அளவே இருப்பதால் வசதியானது, ஆனால் 2053-ஆம் ஆண்டோடு முடிந்துவிடும். டிஇ440எஸ் என்ற சிறிய கோப்பு 2150 வரைதான் செல்லும். முழு டிஇ440 சுமார் 114 எம்பி. 1550 முதல் 2650 வரை அதுவே போதும், அந்தக் காலத்துக்கு அதுவே சிறந்ததும்கூட. 2650-ஐத் தாண்ட வேண்டும் என்றால் டிஇ441 வேண்டும். அது 17191-ஆம் ஆண்டு வரை செல்கிறது. அது இரண்டு பகுதிகளாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை ஜிபி அளவில் கிடைக்கிறது. எதிர்காலத்துக்கு இரண்டாம் பகுதி மட்டும் போதும் என்பதை அறியாமல், கைப்பேசித் தரவில் இரண்டையும் இறக்கப் போய், நாள் ஒதுக்கீடு தீர்ந்து பாதியில் அறுந்த கோப்போடு நான் இரண்டு நாட்கள் போராடினேன். இறக்கிய பின் கோப்பின் அளவை மூல இடத்தில் காட்டும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறுந்த கோப்பு சில சமயம் திறந்துகொள்ளும், ஆனால் நடுவில் எங்காவது பிழை காட்டும்.

ஒப்பிட்டுச் சரிபார்க்க இன்னோர் ஆவணம் கட்டாயம் வேண்டும். ஃபிரெட் எஸ்பெனாக், ழான் மியூஸ் இருவரும் தயாரித்து 2006-இல் நாசா வெளியிட்ட ஐயாயிரம் ஆண்டு சூரிய கிரகணப் பட்டியல் அது. கி.மு. 2000 முதல் கி.பி. 3000 வரையிலான 11,898 சூரிய கிரகணங்களும் அதில் உள்ளன. பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைப்பதால், அச்சுப் பிரதி தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

3. கருவி, செலவு, காலம்

எட்டு ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி போதும். பைத்தான் மொழியும் அதற்கான ஸ்கைஃபீல்ட் என்ற நூலகமும் இலவசம். நிரல் எழுதவே விருப்பமில்லாதவர்கள் விண்டோஸில் ஓடும் ஆக்கல்ட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஆனால் அதிலும் ஆறாம் படியில் சொல்லப்போகும் எண் ஒன்றை நீங்கள் புரிந்துகொண்டே ஆக வேண்டும். எனக்கு ஆன ரொக்கச் செலவு கூடுதல் இணையத் தரவுக்கு மட்டும்தான். யாராவது "500 ஆண்டு கிரகண அறிக்கை" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதற்கு வேண்டியவை அனைத்தும் பொதுச் சொத்தாகவே கிடக்கின்றன.

4. அமாவாசைகளை வடிகட்டுங்கள்

அமாவாசை அன்றுதான் சூரிய கிரகணம் நிகழும். இரண்டு அமாவாசைகளுக்கு இடையே சராசரியாக 29.530588 நாட்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 12,368 அமாவாசைகள் வரும். அவற்றில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவையே கிரகணங்கள். காரணம், நிலவின் பாதை சூரியப் பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்திருப்பது. இரண்டு பாதைகளும் வெட்டும் புள்ளிகளைத்தான் நாம் ராகு, கேது என்கிறோம். அமாவாசை அந்தப் புள்ளிகளுக்கு அருகில் நிகழ வேண்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். ஒவ்வோர் அமாவாசை நொடியிலும் சூரியப் பாதையிலிருந்து நிலவு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். 1.6 பாகைக்கு மேல் இருந்தால் தள்ளிவிடலாம். 1.4 பாகைக்குள் இருந்தால் கிரகணம் நிச்சயம். இடைப்பட்டவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

பிறகு, சூரியனின் மையத்திலிருந்து நிலவின் மையம் வழியாக ஒரு நேர்கோடு இழுத்து, அந்தக் கோடு பூமியின் மையத்துக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று கணக்கிடுங்கள். அந்தத் தொலைவைப் பூமியின் நடுக்கோட்டு ஆரமான 6378.137 கி.மீ.யால் வகுத்தால் கிடைப்பது காமா. கோடு பூமி மையத்துக்குத் தெற்கே சென்றால் அதற்குக் கழித்தல் குறி போடுவார்கள். குறியை விட்டுப் பார்த்தால், அது ஏறத்தாழ 0.997-க்குள் இருந்தால் நிழலின் அச்சு பூமியைத் தொடுகிறது; 1.55-ஐத் தாண்டினால் கிரகணமே இல்லை. இடையில் இருந்தால், விளிம்பை ஒட்டிய சிலவற்றைத் தவிர, பகுதி கிரகணம்தான். முழு கிரகணமா வளையமா என்பதை நிலவின் தொலைவு முடிவு செய்கிறது. நிலவின் கருநிழல் கூம்பின் நீளம் சராசரியாக 3.73 லட்சம் கி.மீ.; அந்தக் கூம்பின் நுனி பூமியின் மேற்பரப்பை எட்டினால் முழு கிரகணம், எட்டாவிட்டால் வளையம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சூரியன் "இருக்கும்" இடத்தையும் "தெரியும்" இடத்தையும் குழப்பிவிடாதீர்கள். சூரிய ஒளி நம்மை அடைய எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. அந்தக் கணக்கில் சூரியன் சுமார் 20.5 விகலை தள்ளித் தெரிகிறது (ஒரு பாகையில் 3,600 விகலை). நிலவு சூரியனை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ அரை விகலை நகர்கிறது. எனவே இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் கிரகண நேரம் ஏறத்தாழ 40 நொடி பிசகும். என் நிரலின் நேரங்கள் எல்லாம் பட்டியலிலிருந்து ஒரே அளவில், 40 நொடியை ஒட்டி விலகி நின்றதைக் கண்டுபிடித்த பின்னும், காரணம் தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. ஒரே அளவில் பிசகும் பிழை பெரும்பாலும் கோப்பில் இருக்காது. திருத்தம் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும்.

5. 224 வருகிறதா என்று பாருங்கள்

தொலைதூரத்துக்குப் போகுமுன் 2001 முதல் 2100 வரை ஓட்டிப் பாருங்கள். மொத்தம் 224 கிரகணங்கள் வர வேண்டும்: 77 பகுதி, 72 வளையம், 68 முழு, 7 கலப்பு (பாதையின் சில இடங்களில் முழுதாகவும் சில இடங்களில் வளையமாகவும் தெரிபவை). ஒன்று குறைந்தாலும் மேலே போகாதீர்கள். எண்ணிக்கை சரியாக வந்த பின், நேரத்தைச் சோதிக்க இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நாம் கண்ணால் பார்த்த 2019 டிசம்பர் 26. மற்றொன்று 2031 மே 21. அந்த வளைய கிரகணத்தின் பாதை கேரளம், மதுரை வழியாக இலங்கையின் வடக்கைத் தொட்டுச் செல்கிறது, அதிகபட்ச வளைய நேரம் 5 நிமிடம் 26 நொடி. இந்த இரண்டும் பட்டியலோடு சில நொடிகளுக்குள் ஒத்துப்போனால் உங்கள் அடித்தளம் உறுதி.

6. டெல்டா டி: ஊரை இடம் மாற்றும் எண்

முழு வேலையும் தங்கியிருப்பது இந்தப் படியில்தான், ஆகவே நிதானமாகப் படியுங்கள். கோள் இருப்புக் கோப்புகள் அணுக்கடிகாரத்தைப் போலச் சீராக ஓடும் நேரத்தில் எழுதப்பட்டவை. அதற்கு டிடி, அதாவது புவி நேரம், என்று பெயர். ஊருக்கு ஊர் சூரியன் உதிப்பதைத் தீர்மானிக்கும் நேரமோ பூமியின் சுழற்சியை ஒட்டியது, அது யுடி1. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டெல்டா டி. இன்று அது சுமார் 69 நொடி.

நிலவின் ஈர்ப்பு எழுப்பும் ஓதங்கள் பூமியின் சுழற்சியைத் தடுத்துக்கொண்டே இருக்கின்றன. அதே காரணத்தால் நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிக்கொண்டிருக்கிறது. பனியுகத்தின் பனிப்பாளங்கள் உருகிய பின் துருவ நிலப்பகுதிகள் எழும்பிவருவது இதற்கு எதிர்த்திசையில் சிறிது வேகத்தைக் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்குச் சுமார் 1.78 மில்லிநொடி கூடுகிறது என்று பழைய கிரகணப் பதிவுகளிலிருந்து ஸ்டீஃபன்சன், மாரிசன், ஹோஹென்கெர்க் மூவரும் 2016-இல் கணித்தார்கள். இவ்வளவு சிறிய எண்ணால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஆனால் கூடுதல் ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே போகிறது: 0.00178 நொடியை நூற்றாண்டின் 36,525 நாட்களால் பெருக்கிப் பாதியாக்கினால் 32.5 வரும். அதாவது, கடந்த நூற்றாண்டுகளின் எண்ணிக்கையை வர்க்கப்படுத்தி 32.5-ஆல் பெருக்கினால் டெல்டா டி-யின் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

நாசா பட்டியல் தொலைதூரத்துக்குப் பயன்படுத்தும் சூத்திரம் இது: ஆண்டிலிருந்து 1820-ஐக் கழித்து, 100-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, 32-ஆல் பெருக்கி, 20-ஐக் கழிக்க வேண்டும். 2500-ஆம் ஆண்டுக்கு இது 1,460 நொடியைத் தரும். 2016 ஆய்வின் நீண்டகாலச் சூத்திரத்தில் 1825-ஐக் கழித்து, வர்க்கத்தை 32.5-ஆல் பெருக்கி, 320-ஐக் கழிக்க வேண்டும். அதே ஆண்டுக்கு 1,161 நொடி வரும். இரண்டும் மதிப்புள்ள மூலங்கள். இரண்டுக்கும் இடையே 300 நொடி வித்தியாசம். பூமி ஒரு பாகை சுழல 240 நொடி எடுக்கிறது. எனவே 300 நொடி என்பது 1.25 பாகை; திண்டுக்கல்லின் அட்சரேகையில் 137 கி.மீ. 2019 கிரகணப் பாதையின் அகலமே உச்ச இடத்தில் 118 கி.மீ.தான். இரண்டு மென்பொருள்கள் ஒரே கிரகணத்துக்கு இரண்டு வெவ்வேறு ஊர்களைக் காட்டியபோது நான் என் நிரலைத்தான் சந்தேகித்தேன். நிரல் சரியாகவே இருந்தது. இரண்டு மென்பொருள்களும் இரண்டு சூத்திரங்களை எடுத்திருந்தன.

சூத்திரங்கள் எவ்வளவு விரைவில் விலகும் என்பதற்கு நம் காலமே சாட்சி. நாசா பட்டியல் 2005 முதல் 2050 வரைக்குக் கொடுத்த தனிச் சூத்திரத்தின்படி 2025-இல் டெல்டா டி 74.5 நொடியாக இருந்திருக்க வேண்டும். இடையில் பூமியின் சுழற்சி சற்று வேகமெடுத்ததால் உண்மையில் அது 69 நொடியை ஒட்டியே நின்றுவிட்டது. இருபது ஆண்டுகளில் ஐந்து நொடி பிசகு. தரையில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல்.

ஆகவே ஒரே ஒரு டெல்டா டி-யை வைத்துக் கணிக்காதீர்கள். ஸ்கைஃபீல்டில் காலமானியை உருவாக்கும் இடத்தில் இந்த எண்ணை நீங்களே கொடுக்க வழி இருக்கிறது. குறைந்த மதிப்பு, நடு மதிப்பு, கூடிய மதிப்பு என மூன்று முறை ஓட்டுங்கள். டெல்டா டி கூடினால் பாதை கிழக்கே நகரும், குறைந்தால் மேற்கே நகரும். தமிழ்நாட்டின் அட்சரேகையில் ஒவ்வொரு 100 நொடிக்கும் சுமார் 46 கி.மீ. பாதை கிழக்கு மேற்காகவே ஓடினால், இந்த நகர்வால் உங்கள் ஊர் பாதைக்குள் இருப்பது அதிகம் மாறாது, நேரம் மட்டும் மாறும். வடக்கு தெற்காகச் சாய்ந்து ஓடினால் ஊர் முற்றாக வெளியே போய்விடலாம். இரண்டையும் வரைபடத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்திய நேரத்தில் எழுதும் ஆசையையும் இந்த இடத்தில் விட்டுவிடுங்கள். 2035-க்குள் கடிகார நேரத்துக்கும் பூமிச் சுழற்சிக்கும் இடையே இப்போதைவிடப் பெரிய இடைவெளியை அனுமதிப்பதென்று 2022-இல் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு முடிவெடுத்திருக்கிறது. 2500-இல் சுவர்க் கடிகாரம் எதைக் காட்டும் என்பது நம் கணக்குக்குள் வராத விஷயம். டிடி-யையும் யுடி1-ஐயும் மட்டும் எழுதுங்கள்.

7. உங்கள் ஊரில் என்ன தெரியும் என்று பார்த்தல்

ஒரே ஊருக்கு என்றால் முழுப் பாதையையும் வரையத் தேவையில்லை. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம் மூன்றையும் கொடுத்து, அங்கிருந்து பார்ப்பவருக்குச் சூரிய மையமும் நிலவு மையமும் எவ்வளவு விலகித் தெரிகின்றன என்று நொடிக்கு நொடி கணக்கிடுங்கள். அந்த விலகல் இரண்டின் தோற்ற ஆரங்களின் வித்தியாசத்தைவிடக் குறையும் நொடியில் வளையமோ முழு மறைப்போ தொடங்குகிறது. பூமியின் மையத்திலிருந்து பார்க்கும் கணக்கைத் தவறுதலாக இங்கே பயன்படுத்தினால் நிலவு ஒரு பாகை வரை இடம் மாறிவிடும். சூரியன் அடிவானத்துக்கு மேல் இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சோதியுங்கள். இரவில் நிகழும் கிரகணத்தைக் கண்டுபிடித்துவிட்டு மகிழ்ந்தவர்களை நான் அறிவேன்.

நிலவின் ஆரத்தை 1737.4 கி.மீ. என வைத்தால் போதும். மலைகளும் பள்ளங்களும் உள்ள உண்மையான விளிம்பு, தொடக்க முடிவு நேரங்களைச் சில நொடிகள் மாற்றும். அதற்கான உயர அளவீடுகளை 2009 முதல் நிலவைச் சுற்றிவரும் எல்ஆர்ஓ விண்கலம் தந்திருக்கிறது. 2031 போன்ற அருகிலுள்ள கிரகணத்துக்கு அதைப் பயன்படுத்துவதில் பொருள் உண்டு. டெல்டா டி-யே நூற்றுக்கணக்கான நொடி ஐயத்தில் இருக்கும் 2500-க்கு அதைச் சேர்ப்பது வீண் உழைப்பு.

8. அறிவியலுக்குப் பயன்படும்படி எழுதி வையுங்கள்

ஊரே உறுதியில்லை என்றால் இந்தக் கணிப்பால் என்ன பயன் என்று என்னிடம் பலர் கேட்டார்கள். பயன் அந்த உறுதியின்மையிலேயே இருக்கிறது. கி.மு. 136-இல் பாபிலோனில் களிமண் பலகையில் பதிந்த ஒரு முழு கிரகணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூமி இன்றைய வேகத்திலேயே எப்போதும் சுழன்றிருந்தால் அந்த நிழல் பாபிலோனுக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் மேற்கே விழுந்திருக்கும். அது பாபிலோனில் தெரிந்தது என்ற ஒரே தகவலிலிருந்து, அன்றைய டெல்டா டி மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். நம் கணிப்பும் எதிர்காலத்தவருக்கு அப்படியே உதவும்: நிழல் உண்மையில் விழுந்த இடத்துக்கும் நாம் சொன்ன இடத்துக்கும் உள்ள தொலைவு, இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பூமியின் சுழற்சி எப்படி மாறியது என்பதை அளந்து காட்டும். கடல்மட்டமும் துருவப் பனியும் மாறுவது சுழற்சியைத் தொடுவதால், அந்த அளவு வானியலுக்கு வெளியிலும் தேவைப்படும்.

அருகிலுள்ள கிரகணங்களின் பயன் வேறு வகை. சூரியனின் ஒளிமகுடத்தை, அதாவது அதைச் சூழ்ந்த மங்கலான வெளி வளிமண்டலத்தை, விளிம்பு வரை தரையிலிருந்து ஆராய இன்றும் முழு கிரகணமே நல்ல வாய்ப்பு. 2023-இல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் ஒளிமகுடமானிகூடச் சூரிய ஆரத்தின் 1.05 மடங்குக்கு வெளியே உள்ளதைத்தான் பார்க்கிறது. லக்ஸர் அருகே 6 நிமிடம் 23 நொடி நீடிக்கப்போகும் 2027 ஆகஸ்ட் 2 கிரகணத்துக்குக் கருவிகளை எங்கே நிறுத்துவது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிட முடிவது துல்லியமான கணிப்பினால்தான்.

பதிவேட்டில் ஒரு கிரகணத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எடுத்துக்காட்டாக, பத்தாயிரம் ஆண்டுகளில் மிக நீண்டதாகக் கருதப்படும் முழு கிரகணத்துக்கு என் பக்கம் இப்படி இருக்கிறது: "2186 ஜூலை 16. முழு கிரகணம். உச்சம் டிடி 15 மணி 14 நிமிடம் 54 நொடி. காமா −0.2396. அதிகபட்ச நேரம் 7 நிமிடம் 29 நொடி. கோப்பு டிஇ440. எடுத்த டெல்டா டி 409 நொடி, 1820 சூத்திரப்படி. டெல்டா டி இன்றைய 69 நொடியிலேயே நின்றால் பாதை சுமார் 157 கி.மீ. மேற்கே." நாள், டிடி, காமா ஆகியவை மாறாதவை, மையால் எழுதுங்கள். டெல்டா டி-யைச் சார்ந்த ஊர்ப் பெயர்களையும் யுடி1 நேரங்களையும் தனி நெடுவரிசையில் பென்சிலால் எழுதி, கணித்த தேதியைப் பக்கத்தில் குறியுங்கள். சர்வதேச புவிச் சுழற்சிச் சேவை வெளியிடும் புதிய டெல்டா டி அளவைப் பார்த்து ஆண்டுக்கு ஒருமுறை அந்த நெடுவரிசையை மட்டும் திருத்தினால் போதும். அரை மணி நேர வேலைதான். அண்ணன் மகளுக்கு நான் கொடுத்த தாளிலும் நாள் மையில்தான் இருக்கிறது. திண்டுக்கல் என்ற பெயர் பென்சிலில், 46 கி.மீ.க்கு ஒரு கோடு வீதம் கிழக்கிலும் மேற்கிலும் மும்மூன்று கோடுகளோடு இருக்கிறது. இந்த ஆண்டுத் திருத்தத்தை அவளே செய்கிறாள்.